காய்ச்சலும் பாய்ச்சலும்

பின்னிஷ் மொழியில் ஸ்புரூஸ் மரத்துக்குக் 'கூசி' என்று பெயர். ஆறு என்ற எண்ணுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். எங்கள் மொழியில் அந்த எண்ணுக்கும் நதிக்கும் ஒரே சொல் என்று நாங்கள் சொன்னபோது, நாற்றங்காலில் உடன் வேலை செய்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இப்படியொரு சிக்கல் தங்கள் மொழிக்கு மட்டும்தான் என்று இருந்திருப்பார்கள் போலும். அந்நாட்டில் நாங்கள் முதலில் கற்ற சொல் அது. 2017 மே மாதத் தொடக்கம் முதல் அக்டோபர் இறுதி வரை அந்த மரத்தின் நாற்றுகளோடுதான் எங்கள் வாழ்க்கை கழிந்தது.

நாங்கள் என்பது இங்கே கணவன், மனைவி இருவரையும் குறிக்கும். இருவருமே வனவியல் படித்தவர்கள். ஒருவருக்கு நாற்றங்கால் மேலாண்மை, மற்றவருக்கு மர உடலியங்கியல். அங்கே நடந்தவற்றை எழுத உட்கார்ந்தபோது, இதைச் செய்தது யார், அதைச் சொன்னது யார் என்று பிரித்து எழுதிப் பார்த்தோம். நான்கு பத்திகளுக்குள் சண்டை வந்துவிட்டது. ஆகவே எல்லாம் 'நாங்கள்' கணக்கிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் போன ஊர் சுவோனென்யோக்கி. பின்லாந்தின் வடக்கு சாவோ பகுதியில், ஏரிகளுக்கும் காடுகளுக்கும் நடுவே இருக்கிற சிறு நகரம். பெயரின் பின்பாதியான 'யோக்கி' என்பது நதியைக் குறிக்கும். அந்நாட்டுப் பொதுமக்களிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் ஸ்ட்ராபெரி என்பார்கள். ஜூலையில் அந்தப் பழத்துக்கு ஒரு திருவிழாவே நடக்கும். வனவியல்காரர்களிடம் சொன்னால் நாற்று என்பார்கள். பின்லாந்தின் வன ஆராய்ச்சி நிறுவனமான மெட்லா, 2015இல் லூக்கே என்ற இயற்கைவள நிறுவனத்தில் இணைவதற்கு முன்பு, பல ஆண்டுகள் அவ்வூரில் நடத்திய நாற்று ஆய்வுகளைப் படித்துத்தான் எங்களுக்கு இந்த ஆசையே வந்தது. ஊருக்கு வெளியே ஒரு நாற்றங்காலில் விருந்தினராக வேலைசெய்ய இடம் கிடைத்தது. உதவித்தொகை இருவருக்கு மட்டும். ஐந்து வயது மகளை மேட்டுப்பாளையத்தில் அவள் அம்மிச்சியிடம் விட்டுவிட்டுப் போனோம். ஜூனில் அவளுக்குப் பள்ளி திறந்துவிடும், அங்கே கூட்டிப்போய் என்ன செய்வது என்ற காரணத்தை எல்லாரிடமும் சொன்னோம். காரணம் உண்மைதான். ஆனாலும் ஒருவரிடம் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடும்.

அவ்வாண்டு வசந்தம் தாமதம். மே மாதத்திலும் பனி தூவிற்று. பசுமைக்குடிலுக்கு வெளியே பல் கிட்டும் குளிர். உள்ளே போனால் நம் ஊர் ஆடி மாதத்துக் காலைபோல வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்பில்தான் விதைகள் கிடந்தன. ஸ்புரூஸ் விதை ஆயிரம் சேர்ந்தால் ஐந்து கிராம் அளவே இருக்கும். கறுப்பு நெகிழியாலான குழித்தட்டில் 81 குழிகள். ஒவ்வொன்றிலும் சதுப்புநிலப் பாசி மக்கி உண்டான பீட். அதன்மேல் இயந்திரம் வைத்த ஒரு விதை. பீட்டை முதன்முதலாகக் கையில் அள்ளியபோது பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு என்றே தோன்றியது. அதே எடையின்மை, அதே ஈரம் பிடிக்கும் குணம். பொள்ளாச்சியின் கழிவு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் இதே வேலையைச் செய்கிறது என்பது வேறு கதை.

தட்டுகள் தரையில் இருப்பதில்லை. சட்டங்களின் மேல் உயர்ந்து நிற்கும். குழியின் அடியில் திறப்பு உண்டு. கீழே இறங்கும் வேர், திறப்பைத் தாண்டியதும் காற்றுப்பட்டு நுனி காய்ந்து நின்றுவிடும். உடனே மேலே பக்கவேர்கள் கிளைக்கும். நம் பக்கத்தில் பாலித்தீன் பைகளில் வளர்க்கும் நாற்றுகளின் பெரிய சாபம் வேர்ச்சுருள். போக வழியில்லாத வேர் பைக்குள்ளேயே வட்டமடித்துத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். நட்ட சில ஆண்டுகள் கழித்துக் காற்றில் சாயும் மரத்தைத் தோண்டிப் பார்த்தால் அந்தப் பையின் வடிவம் அப்படியே அடியில் இருக்கும். வேர்ப்பயிற்சிக் குழாய்கள் நம் வனத்துறைக்கும் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பை மலிவு.

வேலை காலை ஏழு மணிக்கு. ஒன்பது மணிக்குக் காப்பி. பதினொரு மணிக்கே மதிய உணவு. வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப், கூடவே அடுப்பில் வாட்டிய இனிப்பு அடை போன்ற ஒன்று. ஒன்றரை மணிக்கு மறுபடி காப்பி. மூன்றரைக்கு வேலை முடிந்தது. காப்பி இடைவேளை அங்கே தொழிலாளர் ஒப்பந்தத்தில் எழுதிவைத்த உரிமை. உலகில் தலைக்கு மிக அதிகமாகக் காப்பி குடிப்பவர்களில் அவர்களும் உண்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். கோவைப் பக்கத்து நாக்குக்கு அது வெந்நீர். ஒருநாள் டிகாக்‌ஷன் இறக்கிப் பாலும் சர்க்கரையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தோம். நன்றாக இருக்கிறது, இது எந்த வகை இனிப்புப் பலகாரம் என்று கேட்டார் ஒருவர். மோர் மட்டும் எங்களைக் கைவிடவில்லை. 'பீமே' என்ற பெயரில் அட்டைப்பெட்டியில் விற்பது சாட்சாத் புளித்த மோர்தான். உப்பும் தட்டிய இஞ்சியும் சேர்த்தால் ஊர் வந்துவிடும்.

காப்பி மேசையில் பேச்சு குறைவு. சாவோ பகுதிக்காரர்கள் நேர்ப்பதில் சொல்லமாட்டார்கள் என்று பின்லாந்து முழுக்க ஒரு கேலி உண்டு. சாவோக்காரர் பேசத் தொடங்கிவிட்டால் பொறுப்பு கேட்பவரின் தலைக்குப் போய்விடும் என்பார்கள். எங்கள் மேற்பார்வையாளர் அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார். "இன்று தட்டுகளை வெளியே எடுக்கலாமா?" என்று கேட்டால், "எடுத்தவர்களும் உண்டு" என்பார். எடுக்கலாம் என்று அதற்குப் பொருள் என விளங்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை அந்த அம்மையாரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஒரே சொல்: 'ஹல்லா'. அகராதியைப் பார்த்தோம்; உறைபனி என்று இருந்தது. அதில் என்ன அவசரம் என்று புரியவில்லை. நாற்றங்காலுக்குப் போன பிறகுதான் விளக்கினார். குளிர்காலத்து உறைகுளிருக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. ஹல்லா என்பது பயிர் வளரும் பருவத்தில், எல்லாம் துளிர்த்து நிற்கும்போது, மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவில் திருடனைப்போல வரும் உறைபனி. 1867இல் ஜூன் மாதத்திலும் ஏரிகளில் பனிக்கட்டி இருந்தது. விளைந்தும் விளையாத பயிரைச் செப்டம்பர்த் தொடக்கத்து ஹல்லா கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு 1868இல் மட்டும் நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவுக்குப் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டார்கள். நம் தாது வருஷப் பஞ்சத்துக்கு ஒன்பது பத்து ஆண்டுகளே முந்தியது. அங்கே அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

மைதானத்தில் இரண்டாம் ஆண்டு நாற்றுகள் அப்போதுதான் மொட்டுடைத்து, வெளிர்பச்சை ஊசியிலைகளை நீட்டியிருந்தன. மூடியிருந்த மொட்டு ஜனவரியின் கடுங்குளிரையும் தாங்கும். திறந்த துளிர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரியிலேயே கருகிவிடும். இரவு பதினொன்றரை மணி. சூரியன் இறங்கியிருந்தது, இருள் வரவில்லை. அந்த அகலாங்கில் ஜூனில் அது வருவதே இல்லை, அந்தியே நீண்டு விடியலாகிவிடும். நாற்றின் உயரத்தில் நட்டிருந்த வெப்பமானியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தோம். தலைமட்டத்தில் இருப்பதைவிடத் தரையருகே எப்போதும் குறைவாகவே காட்டும். ஒரு டிகிரி வந்ததும் அம்மையார் நீர்த்தூவிகளைத் திறக்கச் சொன்னார்.

குளிரில் வாடும் பயிர்மேல் குளிர்ந்த நீரைத் தெளிப்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். ஆனாலும் கை தயங்கத்தான் செய்தது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. நீர் இடைவிடாமல் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை உள்ளிருக்கும் துளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நிறுத்தினால் போயிற்று, ஆவியாகும் ஈரம் இருக்கும் வெப்பத்தையும் உறிஞ்சிவிடும். திறந்துவிட்டால் காலையில் பனிக்கட்டி தானாக உருகும்வரை மூடக் கூடாது. இரண்டு மணிக்கெல்லாம் மைதானம் முழுக்க நாற்றுகள் கண்ணாடி உறை போட்டுக்கொண்டு நின்றன. அடைபட்ட நீர்த்தூவிகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வரிசைவரிசையாக நடந்தோம். மூன்றேகாலுக்குச் சூரியன் எழுந்தபோது அத்தனையும் ஒருசேர ஒளிர்ந்தன. அழகு என்று சொல்ல எங்களுக்குத் தெம்பு இல்லை. அந்நேரம் ஊரில் காலை ஐந்தே முக்கால். செல்பேசியில் அழைத்தபோது மகள் தூக்கக் கலக்கத்தில் திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க ஊர்ல ராத்திரியே வராதா?" என்று கேட்டாள். உங்க ஊர் என்றாள்.

நாங்கள் போன காரியமே அந்த வராத இரவைச் செயற்கையாக வரவழைப்பதுதான். ஸ்புரூஸ் நாற்றுக்குக் கோடை முடிவதைச் சொல்வது முதன்மையாகக் குளிர் அல்ல, இரவின் நீளம். இரவு ஓர் அளவைத் தாண்டி நீண்டால் தண்டு வளர்ச்சியை நிறுத்தி நுனியில் மொட்டுக் கட்டும். மொட்டுக் கட்டியது குளிருக்குத் தயாராகும். குடிலில் வசதியாக வளர்ந்த நாற்றோ நிறுத்தத் தெரியாமல் வளர்ந்துகொண்டே போகும். செப்டம்பர் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கோடையின் நடுவில், வெளியே இருபது மணி நேரம் பகல் அடிக்கும்போது, நாற்றுகளைக் கறுப்புத் திரையால் மூடி மூன்று வாரங்களுக்கு நீண்ட இரவைக் கொடுக்கிறார்கள். எங்கள் பரிசோதனை அந்தத் திரையை எந்தத் தேதியில் தொடங்குவது என்பது பற்றியது. மாலை ஐந்து மணிக்குத் திரையை இழுப்போம். காலை எட்டு மணிக்கு விலக்குவோம். பதினைந்து மணி நேர இரவு. மற்றவர்கள் மூன்றரைக்கே வீட்டுக்குப் போய்விடுவதால் மாலைத்திரை எங்கள் பொறுப்பு. திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தால் சூரியன் உச்சிக்கும் அடிவானுக்கும் நடுவே இருக்கும். உள்ளே ஆயிரக்கணக்கான நாற்றுகள் அக்டோபர் மாதத்தை அனுபவித்துக்கொண்டிருக்கும்.

ஜூலையில் ஒரு காற்றில் திரையின் ஓரம் கிழிந்து, ஒரு முழ நீளத்துக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. தைக்க இரண்டு நாள் தாமதமாயிற்று. கிழிசலுக்கு நேர்கீழே இருந்த நாற்றுகள் மட்டும், பக்கத்தில் இருப்பவை மொட்டுக் கட்டி அடங்கிய பின்னரும், ஒரு வகிடுபோல நிமிர்ந்து வளர்ந்து நின்றன. அவற்றைப் பார்த்து அம்மையார் நாவால் 'ச்ச்' கொட்டினார். வேலைக்காரர் ஒருவர், இவை இரண்டும் நாளைக்குச் சாகப்போகிற மகிழ்ச்சிக்காரர்கள் என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்று வளர்ப்பு என்றால் கொடுப்பது என்றே நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். நீர், உரம், நிழல், இன்னும் கொஞ்சம் நீர். அங்கே நாள் முழுக்க நாங்கள் செய்தது நிறுத்துவது. வெளிச்சத்தை நிறுத்துவது, பிறகு தழைச்சத்தைக் குறைப்பது, தட்டுகளை எடைபோட்டுப் பார்த்து நீரை ஒரு கட்டம்வரை காயவிடுவது. இதில் புதிதாக ஒன்றுமில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. நெல்லுக்கும் வாழைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட வேண்டும் என்று எங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் சொல்லிக் கேட்டதுதான். காய்ச்சல் என்ற சொல் அதில் முன்னால் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் காய்ச்சலுக்குக் காலம் உண்டு. ஜூன் இறுதியிலேயே திரையிட்ட தட்டுகளில் கணிசமானவை ஆகஸ்டின் வெயிலில் ஏமாந்து மறுபடி துளிர்த்துவிட்டன. அடங்கி எழுந்த துளிர் முதல் துளிரைவிட நோஞ்சான். ஜூலை நடுவில் தொடங்கியவை அப்படியே அடங்கின. பத்துப் பதினைந்து நாள் வித்தியாசம்தான்.

அந்த ஜூலையில் மகள் செல்பேசிக்கு வருவதை நிறுத்தினாள். முதல் மாதம் அழுதுகொண்டே பேசியவள். இரண்டாம் மாதம் அழாமல் பேசியவள். "கேக்குதுங்களா மாப்ள? பாப்பா நல்லாத்தான் இருக்குதுங்க. வெளையாட்டுல இருக்கறா, கூப்புட்டா வரமாட்டீங்கறா. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்பார் அம்மிச்சி. பின்னணியில் அவள் சிரிப்பும் மிதிவண்டி மணியும் கேட்கும். நல்லாத்தான் இருக்கிறாள் என்பதைக் கேட்டு எங்களில் ஒருவர் நிம்மதியடைவார், மற்றவர் எழுந்து வெளியே போவார். எந்த நாளில் யார் என்பது மாறிக்கொண்டிருந்தது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஸ்புரூஸ் மரத்தில் கண்ட ஒன்றை அந்நாட்களில்தான் படித்தோம். தாய்மரத்தில் விதைக்கரு உருவாகும்போது நிலவும் வெப்பத்தை நாற்று நினைவில் வைத்திருக்கிறது. வெதுவெதுப்பில் உருவான விதையின் நாற்று, குளிரில் உருவானதைவிடத் தாமதமாக மொட்டுக் கட்டுகிறது. ஒரே தாய், ஒரே தந்தை என்றாலும் இந்த வேறுபாடு இருக்கும். அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்திலும் ஆய்வு பேசுகிறவர்கள், இந்தக் கட்டுரையைப் பற்றி மட்டும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் தரம்பிரிக்கும் வேலை. ஸ்ட்ராபெரி பறிக்க உக்ரைனிலிருந்து வந்தவர்களில் சிலர், பறிப்பு முடிந்ததும் நாற்றங்காலுக்கு வந்தார்கள். அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தண்டை இரு விரல்களுக்கு இடையில் ஒருமுறை உருட்டியே தடிமன் சொல்லிவிடுவார். நாங்கள் அளவுகோலை எடுப்பதற்குள் அவர் அடுத்த தட்டுக்குப் போயிருப்பார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. எங்களுக்கு உக்ரைன் மொழியோ ரஷ்ய மொழியோ தெரியாது. செல்பேசியின் மொழிபெயர்ப்பு அப்பாவியாக ஏதாவது உளறும். ஒன்பது வயது மகனைத் தன் அம்மாவிடம் விட்டு வந்திருந்தார். அது அவருக்கு நான்காவது கோடை. எங்கள் மகளின் படத்தைக் காட்டினோம். இரு பிள்ளைகளுக்கும் முன்பல் இல்லை. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நாங்கள் ஆய்வுக்காகப் பிள்ளையை விட்டு வந்தவர்கள், அவர் கூலிக்காக. அந்த வேறுபாட்டை நாங்கள் மறக்கவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. செப்டம்பர் நடுவில் ஒரு பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மையார் எங்களை நடவு நடக்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் புளிப்புச் சிவப்பில் லிங்கன்பெரி. யாருடைய காடானாலும் எவரும் நுழைந்து பறித்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டு வழக்கம். காடுகளில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு தனியார் குடும்பங்களுடையது என்பதை நினைத்தால் இது பெரிய விஷயம். வண்டி நின்ற இடத்தில் காடு இல்லை. சில ஹெக்டேர் முழுமையாக வெட்டப்பட்டு, அடிக்கட்டைகளும் இயந்திரம் கிளறிவைத்த மண்மேடுகளுமாகக் கிடந்தது. மேட்டுக்கு ஒன்றாக நாற்று. 'பொட்டிப்புட்கி' என்ற குழாயைக் குத்தி, மிதித்துத் திறந்து, மேலிருந்து நாற்றைப் போட்டால் குனியாமலே நட்டுக்கொண்டு போகலாம். 1970களில் அவர்கள் கண்டுபிடித்த கருவி, முதுகு பிழைத்தது. ஹெக்டேருக்கு 1800 அளவில் நடுகிறார்கள். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி நாற்றுகள். மக்கள் தொகை 55 லட்சம்.

இத்தனை இரவு கண்விழித்தது இந்த மொட்டைத் திடலுக்காகவா என்று இருந்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "அறுவடையான நெல்வயலைப் பார்த்து உங்கள் ஊரில் அழுவார்களா?" என்று கேட்டார் அம்மையார். சாவோக்காரர் கேட்ட ஒரே நேர்க்கேள்வி அது. அவர் அம்மா, சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கரேலியாவிலிருந்து போர்க்காலத்தில் வெளியேற்றப்பட்ட நான்கு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களில் ஒரு சிறுமி. ஐம்பதுகளில் சாவோவில் குமரிப்பெண்ணாக மரம் நட்டுக் கூலி வாங்கியவர். அந்த மரங்களில் ஒரு பகுதிதான் இங்கே போன குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. அறுபது, அறுபத்தைந்து ஆண்டு. வண்டியிலிருந்து பிளாஸ்கை எடுத்து எங்களுக்குக் காப்பி ஊற்றினார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஸ்புரூஸ் அந்த மண்ணின் மரம். வெட்டியவர் மறுகாடு வளர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீலகிரிப் புல்வெளிகளை வெற்றிடம் என்று கருதி வாட்டிலும் யூகலிப்டஸும் நட்ட துறையின் வாரிசுகளான எங்களுக்கு அவர்களைக் குறைசொல்ல வாய் ஏது? ஆனாலும் வயல் உவமை எங்களுக்கு இன்றுவரை ஒப்பவில்லை. வயலில் பட்டமரம் கிடந்து மக்குவதில்லை, அதில் வண்டு குடியேறுவதில்லை, மரங்கொத்தி வருவதில்லை. முற்றாக வெட்டாமல் பொறுக்கி வெட்டி, இயற்கை மறுவளர்ச்சியை நம்பும் முறைக்கும் 2014இல் திருத்திய அவர்களுடைய வனச்சட்டம் வழிவிடுகிறது. அது பரவினால் நாற்றங்கால்களுக்கு வேலை குறையும். இதை அம்மையாரிடம் சொன்னபோது, "குறைந்தவர்களும் உண்டு" என்றார். அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

அக்டோபரில் பகல் கரைந்தது. காலை எட்டு மணிக்குத்தான் விடிந்தது. திரையே தேவையில்லாமல் ஊரே திரைக்குள் இருந்தது. நாற்றுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் குளிர்கிடங்குக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி அளவில், இருட்டில், மே மாதம்வரை அங்கேயே இருக்கும். உள்ளே அனுப்புமுன் மொட்டு ஒன்றைப் பிளந்து கைவில்லையில் பார்ப்போம். சீரகத்தைவிடச் சின்ன அந்தக் குவிமாடத்துக்குள் அடுத்த கோடைக்குரிய ஊசியிலைக் கருக்கள் வரிசையாக, சுருளாக, முழுதும் இருந்தன. அடுத்த ஆண்டு எவ்வளவு வளரும் என்பதில் பெரும்பங்கு அதற்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது. எங்கள் குறியீட்டுச் சீட்டு ஒட்டிய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அடியில் போயின, கடைசியில்தான் எடுப்பார்கள்.

ஊருக்குத் திரும்பிய இரவு மகள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், வாங்கிவந்த மூமின் பொம்மையை வாங்கிக்கொண்டாள், அம்மிச்சியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். டிசம்பர் நடுவில்தான் எங்களிடம் வந்து படுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் முழுப்போர் தொடங்கியபோது அந்தப் பெண்மணியின் பழைய எண்ணுக்குச் செய்தி அனுப்பினோம். பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது. ஜன்னல் திண்டில், பாதியாக வெட்டிய பால் அட்டைகளில், தக்காளி நாற்றுகள். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா. படத்தின் கீழே எழுத்து ஒன்றும் இல்லை. நாற்றுகள் கொஞ்சம் நெட்டையாக, வெளிச்சம் போதாமல் சாய்ந்திருப்பதைத்தான் எங்கள் கண் முதலில் பார்த்தது; தொழில் அப்படி. அம்மாதம் இன்னும் இரண்டு படங்கள் வந்தன. இரண்டாவதில் நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றியிருந்தார். ஓரத்தில் ஓர் இளைஞனின் தோள் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம், பதினான்கு வயது இருக்கும்.

எங்கள் பெட்டிகள் 2018 ஜூன் மாதம் திறக்கப்பட்டு, அந்தத் திடலின் கிழக்கு ஓரத்தில் நடப்பட்டன. மூன்றாம் பருவத்து அளவீட்டை நாங்கள் அறியாத ஒரு மாணவர் எடுத்து, தாளைப் படம்பிடித்து அனுப்பினார். பின்னிஷில் எழுதியிருந்ததால் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜூலை நடுத் திரைக்குரிய வரிசையில் பெரும்பாலானவை இருந்தன. பதினான்காம் எண்ணுக்கு நேரே வயல் எலி தின்றது என்றும், பதினைந்துக்கு நேரே உயரமும், பதினாறுக்கு நேரே புல் மறைத்திருக்கிறது, அடுத்த முறை தேடவும் என்றும் பென்சிலால் எழுதியிருந்தது.